பேய் படுத்த இடம்

எங்கள் வீட்டுக் கேற்றில் வெளிப்பக்கமாகப் பூட்டுத் தொங்கினால் உள்ளே மாமா இருக்கிறார் என்று அர்த்தம். மற்ற வீடுகளில் பூட்டு வேறு அர்த்தத்தில் தொங்கியது என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனாலும் பள்ளிக்கூடம் போகிற வழியில் எந்தக் கேற்றில் பூட்டைக் கண்டாலும், அதற்குள்ளேயும் ஒரு மாமா குந்திக்கொண்டிருப்பார் என்றுதான் தோன்றும்.

வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கை ஒன்றில் நாங்கள் வாடகைக்கு இருந்தோம். அப்பா கொழும்புக் கோட்டையில் ஒரு கம்பனியில் கிளார்க். அம்மாவுக்குக் கொள்ளுப்பிட்டியில் வேலை. நான் பம்பலப்பிட்டியில் பள்ளிக்கூடம் முடிந்து, அங்கேயே ரியூசனுக்கும் போய்விட்டு, அம்மா வேலை முடிந்து வரும்போது அவரோடு பஸ் ஏறி வீடு வருவேன். காலையில் மூன்று பேரும் ஒன்றாகப் புறப்படுவோம். அம்மா வெளியே பூட்டைப் போட்டு, இரண்டு தரம் இழுத்துப் பார்த்து, ஒழுங்கை முழுக்கக் கேட்கும்படி, "எல்லா ஜன்னலும் சாத்தியாச்சோ?" என்று அப்பாவிடம் கேட்பார். அப்பாவும் நாடகத்தில் நடிப்பவர் போல, "ஓமோம், எல்லாம் சாத்தியாச்சு," என்று சத்தமாகச் சொல்வார். வீட்டில் ஒருவரும் இல்லை என்று ஊருக்கு அறிவிக்கிற வழி அது.

மாமா அம்மாவின் கடைசித் தம்பி. இருபது வயதிருக்கும். யாழ்ப்பாணத்திலிருந்து வவுனியா வழியாக வந்தவர். வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புகிற ஏஜென்சிக்காரன் "அடுத்த கிழமை" என்று சொல்லிக்கொண்டிருந்த ஒரு பயணத்துக்காகக் காத்திருந்தார். யுத்த காலம். கொழும்பில் வந்து தங்குகிற தமிழர் பொலிசில் பதிய வேண்டும். மாமா பதியவில்லை. அவரோடு ஒன்றாகப் படித்த ஒருவனைக் கொட்டாஞ்சேனையில் ஒரு லொட்ஜில் வைத்துப் பிடித்துக்கொண்டு போயிருந்தார்கள். அடி தாங்காமல் அவன் யார் யாருடைய பெயரைச் சொன்னான் என்று ஒருவருக்கும் தெரியாது. மாமாவின் பெயரும் அதில் இருந்தால், பதியப் போகிற இடத்திலேயே அவர் கதை முடிந்துவிடும். இதெல்லாம் பிறகு நான் அறிந்தவை. அப்போது எனக்குச் சொல்லப்பட்டது, "மாமா இஞ்ச நிக்கிறது ஒருத்தருக்கும் தெரியக்கூடாது," என்பது மட்டும்தான். ஏன் என்று கேட்டேன். "கேள்வி கேளாமல் சாப்பிடு," என்றார் அம்மா. எங்கள் வீட்டில் பெரிய விஷயங்களுக்கெல்லாம் கிடைக்கிற விளக்கம் அதுதான்.

பூட்டிய வீட்டுக்குள் இருப்பதற்குச் சட்டதிட்டங்கள் இருந்தன. ஃபான் போடக் கூடாது. றேடியோ கூடாது. குழாயைத் திறந்தால் பைப் முனகும், ஆகவே விடியவே வாளிகளில் தண்ணீர் பிடித்து வைத்துவிட வேண்டும். கக்கூசுக்குத் தண்ணீர் ஊற்றுவதும் ஒழுங்கையில் ஏதாவது வாகனம் போகிற நேரம் பார்த்துத்தான். இருமல் வந்தால் தலையணை. ஒழுங்கைப் பக்கத்து ஜன்னல்கள் எப்போதும் சாத்தியிருக்கும். மதிலும் தகரக் கேற்றும் ஆளுயரத்துக்கு மேல். மாமாவுக்கு வெளியே தெரியாது, வெளிக்கு மாமாவைத் தெரியாது. அஸ்பெஸ்ரஸ் கூரைச் சீற்றின் கீழே நாள் முழுக்கக் கிடந்து, பின்னேரம் நாங்கள் வந்து பூட்டைத் திறக்கும்போது, அவித்த மரவள்ளிக்கிழங்கு மாதிரி வெளிறி வெந்துபோய் வருவார். வந்து, என்னைப் பார்த்துக் கொடுப்புக்குள் ஒரு சிரிப்புச் சிரிப்பார். அந்தச் சிரிப்பு எனக்கு மட்டும் உரியது என்று நினைத்திருந்தேன். அவர் மேல் எனக்கு அவ்வளவு பிரியம்.

வீட்டுக்குப் பின்னால் சீமெந்து போட்ட சின்ன முற்றம் ஒன்று இருந்தது. சுற்றிவர உயர்ந்த மதில். பின்வீட்டுக்காரர் எங்கேயோ போய்விட, அவர்களுடைய மாடி ஜன்னல்கள் அடைத்தே கிடந்தன. அதனால் அந்த முற்றத்தில் மட்டும் மாமாவுக்கு வானம் பார்க்க அனுமதி. ஒருநாள் பின்னேரம் என்னை அங்கே கூட்டிக்கொண்டு போனார். வெயில் மதிலைத் தாண்டி இறங்கிவிட்டிருந்தது.

"கண்ணை மூடிக்கொண்டு வெறுங்காலோட நட பாப்பம்," என்றார்.

நடந்தேன். பகல் முழுக்க வாங்கிய வெயிலைச் சீமெந்து திருப்பி விட்டுக்கொண்டிருந்தது. உள்ளங்காலில் மட்டுமல்ல, முழங்கால் வரைக்கும் அந்த வெக்கை தெரிந்தது. திடீரென்று ஓர் இடத்தில் அது நின்றுவிட்டது. வட்டமாக ஓர் இடம் மட்டும் குளிர்ந்து கிடந்தது. கண்ணைத் திறந்து பார்த்தால் ஒன்றும் இல்லை. அந்தச் சீமெந்தும் சுற்றியிருந்த சீமெந்தும் ஒரே நிறம். ஈரம்கூட இல்லை.

"மாமா, இதென்ன?"

"அதுவோ?" மாமா குரலைத் தாழ்த்தினார். "நீங்கள் எல்லாரும் வெளிக்கிட்டாப் பிறகு ஒரு பேய் வரும். வந்து இதில சுருண்டு படுக்கும். நீங்கள் பூட்டுத் திறக்கிற சத்தம் கேட்க எழும்பிப் போயிடும். பேய் படுத்த இடம் சுடாது, குஞ்சு."

அன்று நான் அம்மாவின் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டுதான் படுத்தேன். அடுத்த நாள் பேய் நீட்டி நிமிர்ந்து படுத்திருந்தது. அதற்கடுத்த நாள் இரண்டு பேய்கள், பக்கத்தில் பக்கத்தில். நான் சோறு இறங்காமல் இருப்பதைப் பார்த்து அம்மா விசாரிக்க, விஷயம் வெளியே வந்து, மாமா நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார். பிறகு குற்றவாளி மாதிரி வந்து உடுப்புத் தோய்க்கிற பேசினையும், தேங்காய் துருவுகிற பலகையையும் எனக்கு முன்னால் வைத்தார்.

"காலமை வெயில் வரமுதல் இதுகளை முத்தத்தில கவிட்டு வைச்சனான். நிழலுக்குள்ள கிடந்த நிலம் சூடாகேல்லை. நீ வரமுதல் எடுத்திட்டன். அவ்வளவுதான் பேய்."

"அப்ப ஏன் முழங்கால் வரைக்கும் தெரியுது?"

"சூடான நிலம் சூட்டைத் துப்பிக்கொண்டே இருக்கும். கூடச் சூடெண்டால் கூடத் துப்பும். குளிர்ந்த இடம் வாயைப் பொத்திக்கொண்டு கிடக்கும். கண்ணாலை தேடாதை. கன்னத்தாலை பார்."

பல வருடங்களுக்குப் பிறகு, உயர்தர வகுப்பில் பௌதிகவியல் ரீச்சர், ஒரு பரப்பு வெளிவிடுகிற வெப்பக் கதிர்ப்பு அதன் தனிவெப்பநிலையின் நான்காம் அடுக்குக்கு ஏற்பக் கூடும் என்று கரும்பலகையில் எழுதினார். நிலத்தின் சூடு கொஞ்சம் ஏறினாலே அதிலிருந்து வெளியேறுவது நன்றாக ஏறிவிடும் என்பது அதன் பொருள். பக்கத்தில் இருந்தவர்கள் அதைப் பாடமாக்கிக்கொண்டிருந்தார்கள். எனக்கு அது பாடமாக்க வேண்டியதாக இருக்கவில்லை. கன்னமும் கணுக்காலும் அதை எப்போதோ படித்து முடித்திருந்தன.

பயம் போனதும் அதுவே எங்கள் விளையாட்டாகிவிட்டது. பகலில் செய்ய வேலை இல்லாத மாமா, சுளகு, குடை, பழைய கதவு என்று ஒவ்வொன்றாக முற்றத்தில் வைத்து எடுப்பார். நான் கண்ணை மூடி, நாலு காலில் தவழ்ந்து, நிலத்துக்குக் கிட்டக் கன்னத்தைக் கொண்டுபோய், எங்கே எது இருந்தது என்று சொல்ல வேண்டும். சரியாகச் சொன்னால் மாமாவின் மாரி பிஸ்கற் எனக்கு. முதலில் தோற்றேன். பிறகு தோற்கவே இல்லை. குடையின் கைபிடி எந்தப் பக்கம் இருந்தது என்பதுகூடத் தெரியத் தொடங்கியது. "இவள் பொல்லாதவள் அக்கா, நான் பட்டினியாலை சாகப்போறன்," என்று மாமா அம்மாவிடம் முறைப்பாடு வைப்பார்.

அப்படி இருக்கையில் ஒருநாள் புதுச் சப்பாத்து என் குதிக்காலைக் கடித்துக் கொப்புளமாக்கிவிட்டது. பஸ்ஸால் இறங்கியதும் இரண்டையும் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டேன். அம்மா முறைத்தார், ஆனால் விட்டுவிட்டார். வெயில் கடல் பக்கம் சரிந்திருந்தது. ஒழுங்கைத் தார் இன்னும் அனல் விட்டுக்கொண்டிருந்தது. ஒரு முச்சக்கர வண்டிக்கு விலகி, எங்கள் கேற்றுக்கு எதிர்ப்பக்க மதிலோரமாக ஒதுங்கினேன். வெக்கை நின்றுவிட்டது.

அசையாமல் நின்றேன். கால் குளிர்ந்தது. ஓர் அடி வைத்தேன், அங்கேயும் குளிர். இன்னோர் அடி, இன்னோர் அடி. எங்கள் முற்றத்தில் இதுவரை படுத்த எந்தப் பேயும் இவ்வளவு பெரிதாக இருந்ததில்லை. நிமிர்ந்து பார்த்தேன். ஒழுங்கை வெறுமையாக இருந்தது. மதிலில் ஒரு காகம் இருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

மாமாவின் வேலைதான், என்னை ஏமாற்றுவதற்காக முற்றத்தை விட்டு ஒழுங்கைக்கே வந்துவிட்டார் என்று நினைத்து எனக்குச் சிரிப்பு வந்தது. அம்மா கேற்றடியில் நின்று பூட்டைத் திறந்துகொண்டிருந்தார். அந்தப் பூட்டைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. பூட்டு வெளியே. மாமா உள்ளே. அப்படியென்றால் இதில் படுத்தது யார்?

உடுப்பு மாற்றாமலே மாமாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவர் முதலில் பெரிதாக எடுக்கவில்லை.

"மதில் நிழலா இருக்கும்."

"மதில் நிழலெண்டால் மதில் நீளத்துக்கு எல்லோ இருக்க வேணும்? இது எங்கடை கேற்றுக்கு நேர மட்டும்தான்."

மாமா பிஸ்கற்றைக் கடித்தவர் மென்று முடிக்காமல் என்னைப் பார்த்தார். "நாளைக்கும் பார்," என்றார்.

நாளைக்கும் இருந்தது. அதற்கடுத்த நாளும் இருந்தது. அதே இடம், அதே அளவு. ஒழுங்கை முகப்பிலேயே சப்பாத்தைக் கழற்றிவிடுவது என் வழக்கமாகிவிட்டது. அம்மா பூட்டோடு மல்லுக்கட்டுகிற நேரத்துக்குள் நான் கண்ணை மூடிக்கொண்டு அதன் மேலே நடந்து பார்ப்பேன். கணுக்காலில் வெக்கை அடித்துக்கொண்டு வரும், ஒரு கோட்டில் கத்தியால் வெட்டியது போல நிற்கும். அதற்கு ஓரங்கள் இருந்தன, மூலைகள் இருந்தன. மழை பெய்த நாளில் மட்டும் ஒன்றும் தெரியவில்லை. சனி ஞாயிறில் நாங்கள் வீட்டில் நின்றோம், அந்த நாட்களில் எத்தனை தரம் போய்ப் பார்த்தாலும் அந்த இடமும் மற்ற இடத்தைப் போலவே சுட்டது. எனக்கு மயிர்க் கூச்செறிந்தது அதை உணர்ந்தபோதுதான். மாமா சும்மா சொன்ன பொய் உண்மையாகிவிட்டிருந்தது. நாங்கள் எல்லோரும் வெளிக்கிட்ட பிறகுதான் அது வருகிறது. நாங்கள் வரமுதல் எழும்பிப் போய்விடுகிறது. பகல் முழுக்க எங்கள் வீட்டைப் பார்த்துக்கொண்டு படுத்துக் கிடக்கிறது.

இன்னொன்றையும் கண்டுபிடித்தேன். அந்த இடத்தை ஒட்டிய மழைநீர்க் கானுக்குள் றம்புட்டான் பழத் தோல்கள் கிடந்தன. அடுத்த நாள் புதுத் தோல்கள். பேய்க்கு றம்புட்டான் பிடிக்கும் என்று மாமாவிடம் சொன்னேன். சொன்னால் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. அறைக்குள் போய், வெண்கட்டி ஒன்றை எடுத்துக்கொண்டு வந்தார்.

"நாளைக்கு வந்த உடனை, சூடு எங்கை முடியுதோ அதிலை இதாலை கோடு கீறிக்கொண்டு போ. கெந்தி விளையாடக் கீறுற மாதிரி. ஆரும் கேட்டால் விளையாடுறன் எண்டு சொல்லு."

அடுத்த நாள் அம்மா உள்ளே போய்த் தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைக்கும்வரை பொறுத்திருந்துவிட்டு வெளியே ஓடினேன். மாமா தகரக் கேற்றின் ஆணி ஓட்டை ஒன்றில் கண்ணை வைத்துக்கொண்டு உள்ளே நின்றார். நான் குனிந்து, கன்னத்தாலும் கையாலும் பார்த்துப் பார்த்து, வெண்கட்டியை இழுத்துக்கொண்டு போனேன். கோயில் மணி கேட்டது. கடல் பக்கம் ரயில் ஒன்று போனது. முதற்கோடு நீண்டுகொண்டே போய் ஒரு மூலையில் வளைந்தது. பிறகு குறுக்கே சின்னக் கோடு. பிறகு திரும்பவும் நீளக் கோடு. தொடங்கிய இடத்திலேயே வந்து முட்டியபோது எனக்கே பெருமையாக இருந்தது. எழும்பி நின்று பார்த்தேன். வெறும் தாரில் வெள்ளையாக ஒரு பெரிய பெட்டி, மூலைகள் வளைந்து, எங்கள் கேற்றைப் பார்த்தபடி.

உள்ளே வந்தேன். மாமா இன்னும் ஓட்டையில் இருந்து கண்ணை எடுக்கவில்லை. அவருடைய முதுகில் வியர்வை ஓடிக்கொண்டிருந்தது.

"பேய் இவ்வளவு பெரிசோ மாமா?"

"ஓம்," என்றார், ஓட்டையைப் பார்த்தபடியே. "அதுக்குள்ள கன பேர் இருக்கலாம்."

அம்மா பின்னால் வந்து நின்றதை நாங்கள் இரண்டு பேரும் கவனிக்கவில்லை. அம்மா மாமாவை விலக்கிவிட்டு ஓட்டையால் பார்த்தார். போய் ஒரு வாளி தண்ணீரும் தும்புத்தடியும் எடுத்துக்கொண்டு ஒழுங்கைக்கு இறங்கி, என் கோடுகள் எல்லாவற்றையும் தேய்த்துக் கழுவினார். நாளைக்கு வந்து நிற்பவர்கள் தாங்கள் நின்ற இடத்தைச் சுற்றிக் கோடு கிடப்பதைக் காணக் கூடாது என்பது அம்மாவுக்கு உடனே தெரிந்திருந்தது. எனக்குத் தெரியவில்லை. இவ்வளவு பாடுபட்டுக் கீறியதை அழித்துவிட்டாரே என்று அழுகை வந்தது.

அந்த நேரம் சைக்கிளில் பேக்கரிப் பாண் விற்கிறவர் வந்தார். பகலிலும் பின்னேரத்திலும் ஒழுங்கையை இரண்டு தரம் சுற்றுகிற மனிதர். அம்மா தும்புத்தடியைப் பிடித்தபடியே, பகலில் இந்த இடத்தில் ஏதாவது வாகனம் நிற்கிறதா என்று சிங்களத்தில் கேட்டார். பாண்காரர் அம்மாவைப் பார்க்கவில்லை. பாண் பெட்டியின் மூடியைச் சரிசெய்தார். "மம தக்கே நே நோனா," என்றார், நான் காணவில்லை என்று. பாண் விற்காமலே சைக்கிளை உருட்டிக்கொண்டு போய்விட்டார்.

அம்மா கேற்றைச் சாத்திக்கொண்டு உள்ளே வந்து குசினிச் சுவரில் சாய்ந்தார். "ஒழுங்கை முழுக்கக் கண்டிருக்குங்கள். ஒருத்தருமெல்லோ ஒரு சொல்லுச் சொல்லேல்லை," என்றார். அவருக்கு அப்படிக் கோபம் வந்து நான் கண்டதில்லை. பிறகு என் இரண்டு தோளையும் பிடித்துக் குலுக்கினார்.

"இஞ்ச பார். நிலம் குளிர்ந்தது, கோடு கீறினது, ஒண்டும் ஒருத்தரோடையும் கதைக்கக் கூடாது. பள்ளிக்கூடத்திலை இல்லை, அயலட்டையிலை இல்லை. ஆர் கேட்டாலும் விளையாடுறன் எண்டு சொல்லு. விளங்குதே?"

"அது என்ன பேய் அம்மா?"

"பேயுமில்லை, ஒண்டுமில்லை. நிலம் ஈரமாக் கிடந்தது. அவ்வளவுதான்."

நிலம் ஈரமாகக் கிடக்கவில்லை. எனக்கு அது நன்றாகத் தெரியும். ஆனால் அம்மாவின் விரல்கள் தோளில் அழுந்தியிருந்த விதத்தில் நான் தலையை ஆட்டினேன். அப்பா வந்ததும் மூன்று பெரியவர்களும் குசினிக்குள் போய், பைப்பை முனக விட்டுவிட்டு, அந்தச் சத்தத்துக்குள் நெடுநேரம் கதைத்தார்கள்.

காலையில் நான் எழும்பியபோது மாமாவின் பாய் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. அப்பாவும் இல்லை. அப்பா வழக்கமாக வேலைக்குப் போடுகிற நீலச் சேட்டும் கொடியில் இல்லை. அதை மாமாவுக்குப் போட்டு, கையில் ஒரு கந்தோர்ப் பையையும் கொடுத்து, இருட்டு விலகமுதல் ரயில் பாதையோரமாக அப்பா அவரைக் கூட்டிக்கொண்டு போனதைப் பல வருடங்களுக்குப் பிறகுதான் சொன்னார்கள். அன்று அம்மா சொன்னது, "மாமா போயிட்டார். சாப்பிடு," என்பதுதான். ஒரு சொல்லும் சொல்லாமல் போனாரே என்று எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. பிறகு ஆத்திரம் பயமாக மாறியது. பேயைச் சுற்றிக் கோடு கீறியது நான். கோடு கீறிய அடுத்த நாளே மாமா இல்லை. அதுதான் அவரைக் கொண்டுபோயிருக்கிறது என்று எனக்கு நிச்சயமாகிவிட்டது. கேட்டால் சாப்பிடச் சொல்வார்கள் என்பதால் கேட்கவில்லை.

அதற்குப் பிறகும் அம்மா ஒவ்வொரு நாளும் அதே மாதிரிப் பூட்டினார். அதே மாதிரி இரண்டு தரம் இழுத்தார். "எல்லா ஜன்னலும் சாத்தியாச்சோ?" என்று அதே குரலில் கேட்டார். அப்பாவும், "ஓமோம்," என்றார். மாமா கொழும்பை விட்டுப் போகும்வரை அவர் உள்ளேயே இருப்பதாக வெளியே காத்து நிற்பவர்கள் நினைத்துக்கொண்டிருக்கட்டும் என்பதுதான் அதன் கணக்கு. நானோ, மாமா போன துக்கத்தில் இரண்டு பேருக்கும் புத்தி கொஞ்சம் பேதலித்துவிட்டது என்று எண்ணி, அவர்களோடு மிகவும் அன்பாக நடந்துகொண்டேன். பின்னேரங்களில் எதிர் மதிலோரம் அந்த இடம் குளிர்ந்துதான் கிடந்தது. கானுக்குள் புதுத் தோல்கள் இருந்தன. ஒருவரும் இல்லாத வீட்டைப் பார்த்துக்கொண்டு அது பகல் முழுக்கப் படுத்துக் கிடந்தது.

பிறகு ஒருநாள் நாங்கள் வந்தபோது பூட்டு அறுபட்டு நிலத்தில் கிடந்தது. கேற்றுத் திறந்திருந்தது. உள்ளே எல்லா அலுமாரிகளும் திறந்து, மெத்தைகள் கிழிந்து, அரிசிப் பேணி கவிழ்ந்து கிடந்தன. ஆனால் ஒன்றும் களவு போகவில்லை. றேடியோ வைத்த இடத்தில் இருந்தது. அம்மாவின் சங்கிலிகூட இருந்தது. இவ்வளவு கஷ்டப்பட்டு வந்து ஒன்றையும் எடுக்காமல் போன கள்ளர்களை நினைத்து நான் அதிசயப்பட்டேன். அம்மா அரிசிக்கு நடுவே அப்படியே இருந்துவிட்டார். முதலில் சிரித்தார். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.

அந்த நாளுக்குப் பிறகு எங்கள் கேற்றுக்கு எதிரே நிலம் குளிரவில்லை. எத்தனை தரம் நடந்து பார்த்தாலும் அந்த இடமும் மற்றத் தாரைப் போலவே கணுக்காலில் அனலை ஊதியது. பேய் போய்விட்டது. சில கிழமைகளுக்குப் பின் ஒரு வெளிநாட்டுத் தொலைபேசி அழைப்பும் வந்தது. மாமா! பேய் கொண்டுபோகவில்லை, ஏதோ ஒரு நாட்டில் பனிக்குள் நின்று கதைத்தார். நான் துள்ளினேன். மாதக் கடைசியில், ஊருக்கு வந்த யாரோ ஒருவரிடம் எனக்கு ஒரு பெரிய சொக்லேட் பெட்டி கொடுத்து அனுப்பியிருந்தார். வீட்டில் எல்லோரும் மூச்சு விட்டோம். அம்மா ஃபானைப் போட்டுவிட்டு அதற்குக் கீழே பகலில் நித்திரை கொண்டதை அப்போதுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

அந்த நாட்களில் ஒரு பின்னேரம் அம்மா என்னை ஒழுங்கையின் கீழ்ப்பக்கத்துக் கடைக்குத் தீப்பெட்டி வாங்க அனுப்பினார். வெறுங்காலோடுதான் போனேன். ரயில் பாதைக்குக் கிட்ட, கடைசி வீட்டுக்கு முதல் வீட்டடியில் வெக்கை நின்றது. அதே நீளம், அதே மூலைகள். கானுக்குள் றம்புட்டான் தோல்கள். எனக்கு ஒரு துளியும் பயம் வரவில்லை. பழைய சிநேகிதியைக் கண்டது போல இருந்தது. எங்கள் வீட்டை விட்டுவிட்டு இங்கே வந்து படுத்திருக்கிறாயா என்று அதற்கு மேலே ஏறி நின்றேன்.

அந்த வீட்டில் ஓர் அண்ணனும் அவருடைய அம்மாவும் மட்டும் இருந்தார்கள். அண்ணன் வவுனியாப் பக்கத்திலிருந்து வந்து, பாமன்கடையில் ஒரு கொம்பியூட்டர் கடையில் வேலை செய்தவர். ஒழுங்கைப் பெடியளோடு கிரிக்கெற் விளையாடுவார். எனக்கு ஒருதரம் பின்னக் கணக்குச் சொல்லித் தந்திருக்கிறார். அன்று வேலை முடிந்து பையைத் தோளில் கொழுவிக்கொண்டு வந்தவர், நான் கண்ணை மூடி அடி வைப்பதைக் கண்டு நின்றார்.

"என்ன தங்கச்சி செய்யிறீர்?"

அம்மாவின் விரல்கள் தோளில் அழுந்தியது ஞாபகம் வந்தது. வாக்குக் கொடுத்தால் காப்பாற்றத் தெரிந்த பிள்ளை நான்.

"ஒண்டுமில்லை அண்ணா. விளையாடுறன்."

"நல்ல விளையாட்டு," என்று சிரித்துவிட்டு, அவரும் அந்த இடத்திலேயே வந்து நின்று, சோதினை எப்போது என்று விசாரித்தார். அவர் காலில் செருப்பு இருந்தது.

அடுத்த கிழமை அந்த அண்ணன் ஒழுங்கையில் இல்லை. பெடியள் அவர் இல்லாமலே விளையாடினார்கள். அவருடைய அம்மா பின்னேரங்களில் கேற்றைத் திறந்து வைத்துக்கொண்டு, காலி வீதிப் பக்கம் பார்த்தபடி நிற்பார். அண்ணன் எங்கே என்று அம்மாவிடம் கேட்டேன். அம்மா கறியை இறக்கி வைத்துவிட்டு, என்னைப் பார்க்காமலே, "சாப்பிடு," என்றார். மாமா போனபோதும் அதைத்தான் சொன்னார். அதனால் எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. ஒருநாள் கடைக்குப் போகிற வழியில் அந்தத் தாய்க்குப் பக்கத்தில் நின்று, கவலைப்பட வேண்டாம், கொஞ்ச நாளில் ஃபோன் வரும், சொக்லேட்டும் வரும் என்று சொன்னேன். அவர் என் தலையைத் தடவினார். பிறகு திரும்பவும் காலி வீதிப் பக்கம் பார்த்தார்.